பிச்சாவரம் கழிமுகக் காடு

பிச்சாவரம், கடலூர் மாவட்டத்தில் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள கழிமுகச் சதுப்புக் காடு. சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், கிள்ளையை அடுத்து இருக்கிறது. இரண்டு ஆற்று முகத்துவாரங்களையும் இணைக்கும் கழிகளும் ஓடைகளும் பின்னிக் கிடக்க, அவற்றுக்கு இடையே சிறிதும் பெரிதுமாக ஐம்பதுக்கு மேற்பட்ட திட்டுகள் உள்ளன. தமிழக வனத்துறையின் காப்புக்காடான இது, 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

பெயர்

முத்துப்பேட்டைப் பக்கம் இத்தகைய காட்டை அலையாத்திக் காடு என்பார்கள். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடு என்பதே வழக்கு. பழைய அகராதிகளில் சுரபுன்னை என்பது மணமுள்ள பூப்பூக்கும் ஒரு நிலத்து மரம். உவர்ச் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கும் அதற்கும் உறவில்லை. ஊர் வழக்கே நிலைத்துவிட்டதால் இக்கட்டுரையும் அதையே பின்பற்றுகிறது. கண்டல், தில்லை ஆகிய சதுப்பு மரங்களின் பெயர்கள் சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்திலேயே வருகின்றன. சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. நடராசர் கோயிலின் தல மரமும் அதுவே. ஆனால் தில்லையைக் காடாகப் பார்க்க விரும்புபவர் இன்று கோயிலை விட்டுப் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். ஒரு காலத்தில் இக்காடு சிதம்பரம் வரை பரவியிருந்ததை இப்பெயர் உணர்த்துவதாகக் கருதுவர். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வை சில காலம் போய்விடும் என்பதால் விறகு வெட்டுவோர் அதை அஞ்சினர்.

மரங்கள்

ஓடையோரத்தில் குறுகிய பட்டையாகச் சுரபுன்னையும், அதற்குப் பின்னால் பரந்த வெளியில் வெண்கண்டலும் நிற்பது இக்காட்டின் பொது அமைப்பு. பரப்பில் மிகுதி வெண்கண்டலே. படகிலிருந்து பார்க்கும் பயணி சுரபுன்னையை மட்டுமே கண்டு, காடு முழுவதும் அதுதான் என்று எண்ணித் திரும்புவார்.

சுரபுன்னை, தண்டிலிருந்து வில்லாக வளைந்து இறங்கும் முட்டு வேர்களால் சேற்றைப் பிடித்துக்கொள்கிறது. உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகு விழுகிறது. வெண்கண்டலின் வழி வேறு. பென்சில் நட்டு வைத்தாற்போல் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சு வேர்களால் அது காற்று வாங்குகிறது. உள்ளே ஏறிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. வெயில் நாளில் ஓர் இலையைப் பறித்து நாக்கில் வைத்தால் கரிக்கும்.

சுரபுன்னையில் இரண்டு இனங்கள் இங்கு உண்டு: ரைசோபோரா அபிகுலேட்டா, ரைசோபோரா முக்ரோனேட்டா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது ஒன்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் க. கதிரேசன் 1990களில் விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரால் ரைசோபோரா அண்ணாமலயானா என்று பெயரிட்டார். இது முன்னிரண்டின் கலப்பு.

நீர்

பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆகவே வெள்ளாற்றின் உவர்ப்பு, மிதவை உயிரிகள், மீன் குஞ்சுகள், சேற்றுப் புழுக்கள் பற்றி ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. டையரும் இராமமூர்த்தியும் வெள்ளாற்றின் உவர்ப்பையும் நீர்ச் சுழற்சியையும் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1969-இல் வெளிவந்தது. கொள்ளிடம் இதைவிடப் பெரிய ஆறு. காவிரியின் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு போவது அதுவே. ஆனால் ஆய்வுக்கூடம் வெள்ளாற்றங்கரையில் அமைந்ததால் கொள்ளிடத்தின் முகத்துவாரம் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை.

இங்கு ஓதத்தின் ஏற்ற வற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. நீர் இவ்வளவு சோம்பலாக ஏறி இறங்கும் கரையில் நிலம் ஒரு சாண் தாழ்ந்தாலும் ஓதநீர் வந்த வழியே திரும்பாது. வடகிழக்குப் பருவமழையில் கழிகள் நன்னீராகிவிடும். கோடையில் கடல்நீரின் உவர்ப்பை எட்டும். ஒரே ஆண்டுக்குள் இந்த இரண்டையும் தாங்கும் உயிரே இங்கு நிலைக்கும்.

அழிவு

ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை இக்காடு கூப்பு முறையில் வெட்டப்பட்டது. காட்டைக் கூறு போட்டு, முறைவைத்து ஒவ்வொரு கூறையும் மொட்டையாக வெட்டி விறகுக்கு விற்பது கூப்பு. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. நடந்தது வேறு. நிழல் போனதும் களிமண் காய்ந்து சுருங்கி, நடுப்பகுதி தாம்பாளம் போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேறாமல் தேங்கியது; வெயிலில் ஆவியானது; உப்பு மட்டும் தங்கியது. கடல்நீரைவிடப் பல மடங்கு உவர்ப்பேறிய அந்தச் சேற்றில் வெண்கண்டலின் விதைகூட முளைக்கவில்லை. ஓடையோரம் பச்சை, உள்ளே பொட்டல் என்ற தோற்றம் இப்படி வந்தது.

சுற்றுவட்டார மக்களின் ஆடு மாடுகளும் விறகுக் கட்டுகளுமே காட்டை அழித்தன என்ற குற்றச்சாட்டு நெடுநாள் இருந்தது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குப் பிறகு நன்னீர் குறைந்ததைக் காரணம் சொல்வோரும் உண்டு. எனினும் முதன்மைக் காரணம் கூப்புதான்.

மீட்பு

1988-இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து மீட்புப் பணியில் இறங்கியது. அதற்கு முன்பும் நடவுகள் நடந்திருந்தன. தேங்கிய உப்புநீரில் நட்ட கன்றுகள் நிற்கவில்லை. இம்முறை முதலில் எடுத்தது மண்வெட்டி. இயற்கை ஓடையிலிருந்து பொட்டலுக்குள் ஒரு தலைவாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஓதநீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது. பிறகு வாய்க்காலின் அடியிலும் இல்லாமல் மேட்டிலும் இல்லாமல், சரிவின் நடுவில் வெண்கண்டல் நடப்பட்டது. ஏற்றத்தில் கன்று முழுகிப் போகக் கூடாது, வற்றத்தில் காயவும் கூடாது. வெட்டிய வாய்க்காலில் வண்டல் சேரும். அதை அவ்வப்போது தூர்வாரும் பொறுப்பு ஊர்க்குழுக்களிடம் விடப்பட்டது.

1986, 2002 ஆகிய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது. வாய்க்கால் முறை பின்னர் முத்துப்பேட்டையிலும் ஆந்திர, ஒடிசாக் கழிமுகங்களிலும் கையாளப்பட்டது.

கழியில் படகும் வலையும் இல்லாமல் மீன்பிடித்த இருளர் குடும்பங்களுக்கும் இந்த மீட்புப் பணியில் பங்குண்டு. கழுத்தளவு நீரில் நின்று, ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது அவர்கள் தொழிலாக இருந்தது.

2004 சுனாமியில், கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குப்பங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. தொலைவும் மேடும்தான் அவற்றைக் காத்தன என்று சில ஆய்வாளர்கள் மறுத்தது உண்டு. அலையாத்தி, அதாவது அலையை ஆற்றும் மரம் என்ற பெயர் பொய்க்கவில்லை என்பதே இக்கரையில் உள்ளோர் கருத்து.

இன்றைய நிலை

படகுச் சுற்றுலா, சுற்றிலும் இறால் பண்ணைகள், விளிம்புகளில் சீமைக்கருவேலம், கோடையில் மணல் மூடும் முகத்துவாரம் ஆகியவை இன்றைய சிக்கல்கள். ராம்சர் பட்டியலில் காட்டப்பட்டுள்ள பரப்பு சுமார் 1,479 ஹெக்டேர்.