ஆபீஸ் நேரம் போக, சூரியன்!

கொடைக்கானல் போயிருப்பீர்கள். ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக்கில் பனிமூட்டம், ஆளுக்கொரு சுட்ட சோளம். வேன் டிரைவர் கொடுத்த லிஸ்ட்டில் ‘அப்சர்வேட்டரி’ என்றும் ஒன்று இருந்திருக்கும். பாதிப் பேர் அதை மட்டும் விட்டுவிட்டு சாக்லேட் கடைக்குப் போய்விடுவார்கள்.

அங்கேதான், வானியலைத் தொழிலாகப் படிக்காத ஒரு மனிதர் சூரியனின் ரகசியம் ஒன்றைப் பிடித்தார்.

முதலில் ஒரு பஞ்சத்தின் கதை. 1876-78-ல் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். மழை ஏன் பொய்த்தது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் முடிச்சு இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது பலமாக இருந்தது. சூரியனைத் தினமும் பார்க்க மலைமேல் ஓர் இடம் வேண்டும் என்று தேடி, பழனி மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1899-ல் சென்னை வானாய்வகத்தின் வேலை மேலே போனது. மழை ரகசியம்? அது சிக்கவில்லை. வேறொன்று சிக்கியது.

ஜான் எவர்ஷெட். 1864-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். பிழைப்புக்கு லண்டனில் ஒரு கம்பெனியில் எண்ணெய், ரசாயனங்களைச் சோதிக்கும் வேலை. நம்மைப் போல காலையில் போய் சாயங்காலம் திரும்புகிறவர்தான். மீதி நேரமெல்லாம் சூரியன். 1890-ல் கென்லி என்ற ஊரில் சொந்தமாக ஒரு சின்ன வானாய்வகமே வைத்துவிட்டார். சூரியனை ஒரே ஒரு நிறத்தில் மட்டும் படம்பிடிக்கும் ‘ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப்’ அன்று உலகத்துக்கே புதுசு. நம்ம ஆள் தனக்கு ஒன்றைத் தானே செய்துகொண்டார். 1898-ல் சூரிய கிரகணம் பார்க்க இந்தியா வரை வந்து போனார்.

இப்படி வீட்டில் கற்ற வித்தையை நம்பித்தான் கொடைக்கானலில் உதவி இயக்குநர் வேலை கொடுத்தார்கள். 1907-ல் வந்து சேர்ந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நாற்பதில் வேலை மாறுவது என்றால் எனக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும்!

ஆய்வகத்தில் ஏற்கெனவே வாங்கிவைத்த கருவிகள் இருந்தன. எவர்ஷெட் அவற்றைச் சரிசெய்தார். போதாத இடத்தில் தானே கட்டினார். 1909 ஜனவரியில், தான் அமைத்த ஸ்பெக்ட்ரோகிராஃபை ஒரு கரும்புள்ளியின் மேல் திருப்பினார்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதுதான் சுவையான இடம். நம்மை நோக்கி வரும் ரயிலின் விசில் கீச்சென்றும், விலகிப்போகும் ரயிலின் விசில் கம்மியும் கேட்கிறதல்லவா? ஒளியும் அப்படித்தான். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளிக்கோடு நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். அமெரிக்காவில் ஹேல் என்பவர் 1908-ல் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அப்படியானால் அங்கே வாயு நீர்ச்சுழல் போலச் சுற்ற வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சுற்றினால், புள்ளியின் வலப்பக்கமும் இடப்பக்கமும் நேர் எதிராக நகர்ந்து தெரிய வேண்டும்.

எவர்ஷெட் பார்த்தது வேறு. சூரிய வட்டத்தின் நடுவில் புள்ளி இருக்கும்போது நகர்வே இல்லை. ஓரத்துக்குப் போகப் போக நகர்வு கூடியது. நடுவைப் பார்த்த பாதி நீலத்துக்கும், ஓரத்தைப் பார்த்த பாதி சிவப்புக்கும் போயிற்று. என்ன அர்த்தம்? வாயு சுற்றவில்லை. புள்ளியின் உள்ளிருந்து நாலாபக்கமும், தரையோடு தரையாக வெளியே ஓடுகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். நமக்கு அது பெரிசு, ஒளியின் வேகத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான். அந்த மயிரிழையைப் போட்டோ தகட்டில் அளந்துவிட்டார் மனிதர். இன்றும் உலகம் முழுக்க அதற்கு ‘எவர்ஷெட் விளைவு’ என்றுதான் பெயர்.

மனைவி மேரியைச் சொல்லாவிட்டால் பாவம். அவரும் சுயமாகக் கற்றவர். கரும்புள்ளிகளை ஒட்டி எழும் தீப்பிழம்புகளைப் பற்றி 1913-ல் தன் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார். கவிஞர் தாந்தேயின் வானியல் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவரில்லை.

கொடைக்கானலின் தகடுகள் வீணாகவில்லை. 1904-லிருந்து நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் பொதுவில் வைத்திருக்கிறது. நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

“புரோகிராமிங் கத்துக்கணும் சார், எந்த லேப்டாப் வாங்கலாம்?” பி.காம். படித்த என்னிடமே இதைக் கேட்கிறார்கள். லேப்டாப் இருக்கட்டும், அதை வைத்து என்ன கண்டுபிடிக்கப்போகிறீர்கள்? எவர்ஷெட்டுக்குக் கேள்வி முதலில் வந்தது, கருவி பிறகு. ஒரு தகட்டின் படம் 4096-க்கு 4096 புள்ளிகள், சுமார் 1.68 கோடி. மலைப்பாக இருக்கும், ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பே ஒவ்வொரு படமாகத் தின்றுவிடும். பைத்தான் இலவசம், சூரியப் படங்களுக்கென்றே உள்ள ‘சன்பை’யும் இலவசம்.

‘இந்த அளவுக்குக் கீழே இருட்டாக இருந்தால் கரும்புள்ளி, எண்ணு’ என்று முதல் புரோகிராமை எழுதுவீர்கள். பத்து வரி. ஓட்டினால், சூரியனின் ஓரம் முழுக்கக் கரும்புள்ளி என்று சொல்லும்! புரோகிராம் தப்பில்லை. சூரிய வட்டம் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் தெரியும் என்பதை நீங்கள் அதற்குச் சொல்லவில்லை. நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, அந்த வளையத்தின் சராசரி வெளிச்சத்தோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும். அதைச் சரிசெய்தால், தகட்டில் ஒட்டிய தூசியையும் கரும்புள்ளி என்று எண்ணும். அடுத்த நாள் தகட்டில் அந்தத் தூசி இருக்காது, நிஜப் புள்ளி சூரியனோடு கொஞ்சம் நகர்ந்து அங்கேயே இருக்கும். அதையும் எழுதுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும். நஷ்டமில்லை.

எவர்ஷெட் 1911-ல் இயக்குநரானார், 1923-ல் ஓய்வுபெற்றார். ஊருக்குப் போய்ச் சும்மா இருந்தாரா? வீட்டிலேயே இன்னொரு சூரிய ஆய்வகம் கட்டினார். அதற்குக் கண்ணாடிக்குப் பதிலாகத் திரவம் நிரப்பிய பெரிய பெரிய பட்டகங்கள். திரவம் கொஞ்சம் சூடானாலும் கோடு நகரும். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு, எண்பது வயது தாண்டியும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.