வன்னி மண்வீடு

வன்னி மண்வீடு என்பது, இலங்கையின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில், மின்னிணைப்பையும் குழாய்நீரையும் எதிர்பாராது, அயலிற் கிடைக்கும் மண், மரம், ஓலை ஆகியவற்றைக் கொண்டே குடியானவர் அமைத்துக்கொள்ளும் வாசஸ்தலமாகும்.

வகை: இப்பிரதேசத்துக் குடியிருப்புகள் கொட்டில், மண்வீடு, கல்வீடு என மூவகைப்படும். கொட்டில் வயற்காவலுக்கும் தற்காலிக வாசத்துக்கும் உரியது. கல்வீடு சீமெந்தையும் ஓட்டையும் வெளியிலிருந்து வேண்டி நிற்பது. மண்வீடோ சொற்பச் செலவில் நிரந்தர வாசத்துக்கு இடந்தருவது.

அமைப்பு: காட்டுமரக் கப்புகளை நட்டு, குறுக்கே வரிச்சுத் தடிகளைக் கட்டி, பிசைந்த களிமண்ணை இருபுறமும் அப்பிச் சுவர் எழுப்பி, தரையைச் சாணத்தால் மெழுகி, கிடுகாலோ பனையோலையாலோ வைக்கோலாலோ கூரை வேய்வர். தடித்த மண்சுவர் கோடை வெப்பத்தைத் தணிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை சுவரைக் கரைக்காதிருக்கும்பொருட்டு, தரை உயர்த்தப்பட்டு, கூரை தாழ்வாரமாய் நீட்டப்படும். நீருக்குக் கிணறே ஆதாரம்.

வரலாறு: உள்நாட்டுப் போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்விநியோகமின்றிப் பல்லாண்டுகள் இருந்தமையால், சிறிதளவு மண்ணெண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவால் இயங்கும் வானொலியும் இவ்வீடுகளின் சாதாரண உபகரணங்களாயின. 2009இல் போர் முடிந்தபின், மீள்குடியேறியோர் முதலில் தறப்பாள் கொட்டில்களில் வசித்தனர். பின்னர் இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டம் முதலியன கல்வீடுகளைப் பெருக்கின.

தேர்வு: நீடித்த உறுதியை நாடுவோர்க்குக் கல்வீடும், சுயசார்பையும் குளிர்ச்சியையும் நாடுவோர்க்கு மண்வீடும் உகந்தவை, ஆயின் மண்வீட்டின் ஓலைக்கூரையைக் காலந்தோறும் புதிதாக வேய்தல் இன்றியமையாதது.