மொஸ்கிட்டோவும் எங்கள் மஞ்சள் பிளேனும்: ஒட்டு விட்ட கதை

போன தடவை ஒகேனக்கல் பரிசல் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை தண்ணீரை விட்டு ஆகாயத்துக்குப் போவோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசி மாதம் நானும் என் வகுப்பு நண்பன் ஒருவனும் காசு போட்டு ஒரு ரிமோட் கண்ட்ரோல் விமானம் வாங்கினோம். ரெடிமேடாகவே வரும். இறக்கையை மாட்டி, வாலை ஒட்டி, மோட்டாரைப் பொருத்தினால் போதும், ஒரு சாயங்காலத்தில் பறக்கத் தயார். மஞ்சள் நிறம், இரண்டு கிலோ எடை. பென்னாகரத்துக்கு வெளியே வறண்டு கிடந்த ஏரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பறக்க விட்டோம். விமானம் என்றதும் பக்கத்து ஊர்ப் பசங்க பத்துப் பதினைந்து பேர் ஓடி வந்துவிட்டார்கள். நான்காவது சுற்றில் கொஞ்சம் இறக்கி மேலே ஏற்றினான் நண்பன். "டக்" என்று ஒரு சத்தம். வலது இறக்கை மேல்பக்கமாக மடங்கியது. உடம்பு மட்டும் சுழன்றுகொண்டே வந்து, பசங்க நின்ற இடத்துக்கு ஏழெட்டு அடி தள்ளிக் குத்தியது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பசங்க கை தட்டினார்கள்! எங்களுக்குத்தான் கை நடுங்கியது.

வாங்கின இடத்துக்கு போன் போட்டோம். பதில் ரெடியாக இருந்தது: "காத்து அதிகமா இருந்திருக்கும், இல்லன்னா நீங்க ஓட்டத் தெரியாம ஓட்டியிருப்பீங்க." உண்மையைச் சொன்னால் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மாசிக் காற்று, புது ஆள், வேறென்ன இருக்கும்?

எங்கள் தெருவில் மர வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். உடைந்ததை அவரிடம் காட்டினோம். ஒட்டு விட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்லா ஒட்டியிருந்தா மரம்தான் பிஞ்சி வரணும்பா. இங்க மரம் சுத்தமா இருக்குது பாரு. பசை பிடிக்கவே இல்ல," என்றார். பார்த்தால் ஆமாம். இரண்டு இறக்கைகளையும் இணைக்கிற ப்ளைவுட் துண்டில் அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி பசை. நடுவில் வெறும் மரம், ஒரு நார்கூடப் பிய்யவில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றியே படிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஏரியில் நடந்த அதே வழக்கு, நிஜ விமானங்களோடு, நிஜ உயிர்களோடு, இந்தியாவிலேயே 1944-ல் நடந்திருக்கிறது. அந்த விமானத்தின் பெயர் கொசு :-)

டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் செல்லப் பிள்ளை. 1940 நவம்பர் 25-ல் முதல் முறை பறந்தது. அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும், தச்சர்களுக்கு வராது என்ற கணக்கில் இதை மரத்தாலேயே செய்தார்கள். இரண்டு மெல்லிய பிர்ச் ப்ளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம், எல்லாம் பசையால் ஒட்டியது. உடம்பை நீளவாக்கில் இரண்டு பாதிகளாகச் செய்து, உள்ளே ஒயர், குழாய் எல்லாம் வைத்துவிட்டு, வேர்க்கடலைத் தோடு மூடுகிற மாதிரி சேர்த்து ஒட்டுவார்கள். மேஜை, நாற்காலி செய்துகொண்டிருந்த கம்பெனிகள்கூட இதன் பாகங்களைச் செய்தன. மொத்தம் 7,781 விமானங்கள். பால்சாவும் ப்ளைவுட்டும் பசையும்... எங்கள் மஞ்சள் பிளேனின் பொருள் பட்டியலும் இதேதான்!

1944 தொடக்கத்தில் 45-வது ஸ்குவாட்ரன் பெங்களூர் பக்கத்து எலஹங்காவுக்கு வந்து மொஸ்கிட்டோவுக்கு மாறியது. ஏரோ இந்தியா கண்காட்சி நடக்குமே, அதே எலஹங்காதான். பர்மாவில் ஜப்பானியரை அடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அதே ஆண்டு கடைசியில் இந்தியாவில் இருந்த மொஸ்கிட்டோக்கள் சில பறக்கும்போதே உடைந்து விழுந்தன. இறக்கையின் மேல்தோல், முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடும் ஸ்பாரை விட்டுப் பிரிந்துவந்தது. நவம்பரில் விமானங்களைத் தரையில் நிறுத்திச் சோதிக்க உத்தரவு போட்டார்கள்.

உடனே எல்லோரும் கை காட்டியது எதை? நம்ம ஊர் வெயிலையும் மழையையும்! பாலிலிருந்து எடுக்கும் கேசீன் என்ற பொருளில் செய்த பசையைத்தான் ஆரம்பத்தில் பயன்படுத்தினார்கள். அது வெப்பமண்டலத்தில் வெடித்துவிடுகிறது என்று பேச்சு. கம்பெனியின் சார்பில் மேஜர் ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட் தலைமையில் ஒரு குழு இந்தியாவுக்கு வந்தது. (பெயரைப் பாருங்கள், கம்பெனியை நிறுவியவரின் தம்பி.) டிசம்பர் தொடக்கத்தில் அறிக்கை வந்தது: பசை கெடவில்லை, மழைக்கால ஈரத்தில் மரம் அளவு மாறியதுதான் காரணம். அதாவது செய்தவர் மேல் தப்பில்லை, இந்தியாவின் மேல்தான் தப்பு.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்த விசாரணை, தயாரிப்பிலேயே குறை என்று சொன்னது. விமான உற்பத்தி அமைச்சகம் இங்கிலாந்தில் டெஃபர்ட் என்ற இடத்தில் வேறு மொஸ்கிட்டோக்களைப் பிரித்துப் பார்த்தது. பருவமழையையே பார்க்காத விமானங்கள் அவை. அவற்றிலும் அதே குறை! எல்லாமே ஹாட்ஃபீல்ட், லீவ்ஸ்டன் என்ற இரண்டு தொழிற்சாலைகளில் கட்டியவை. ஒட்டின தரம் சரியில்லை என்று எழுதிவைத்தார்கள். இருந்தும் விமான அமைச்சகம் "பெரும்பாலும் தட்பவெப்பமே காரணம்" என்ற பழைய பாட்டையே பாடியது. விமானிகளுக்கு நம்பிக்கை போய்விடக்கூடாதாம். போர்க்காலத்தில் அதற்கும் ஒரு நியாயம் இருக்கலாம், ஆனால் உள்ளே உட்கார்ந்து பறக்கிறவனுக்கு அது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு இறக்கைத் தோலின் இணைப்பு முழுவதும் ஒரு ப்ளைவுட் பட்டையை வைத்து மூடி, ஈரம் உள்ளே போகாமல் செய்தார்கள். மொஸ்கிட்டோ தொடர்ந்து பறந்தது. நல்ல விமானம்தான், அதில் சந்தேகமில்லை.

இதற்கு 13 வருஷம் முன்னால் அமெரிக்காவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1931 மார்ச் 31-ல் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு ஃபோக்கர் எஃப்-10 பயணிகள் விமானம் இறக்கை முறிந்து விழுந்தது. 8 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் நூட் ராக்னி, அந்த நாட்டின் மிகப் பிரபலமான ஃபுட்பால் கோச். நாடே கொந்தளித்தது. அங்கேயும் முதலில் பழி வானிலை மேல்தான்: ப்ரொப்பெல்லரில் பனி கட்டியதுதான் காரணம் என்றார்கள். அந்த விளக்கம் நிற்கவில்லை. மர இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசை பிடிப்பு விட்டுப்போனதுதான் காரணம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. பெரிய தலைவலி என்னவென்றால், அந்த இறக்கையை முழுக்க ப்ளைவுட்டால் மூடியிருந்தார்கள். உள்ளே ஒட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டுமானால் தோலை உரிக்கவேண்டும். அந்த ரக விமானங்களைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தார்கள்.

சரி, பொம்மை விமானத்துக்கு வருவோம். (பொம்மை என்று சொன்னால் என் நண்பனுக்குக் கோபம் வரும்.)

ரேடியோவால் ஓட்டும் மாடல் விமானம் 1937 வாக்கிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் "கஃப்" என்ற விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரேடியோவையும் அவர்களே செய்தார்கள், விமானத்தையும் அவர்களே செய்தார்கள். அப்புறம் வந்த பல பத்தாண்டுகளுக்கு இதுதான் வழக்கம். கடையில் பெட்டி வாங்கினால் உள்ளே மரக்குச்சிகளும் வரைபடமும்தான் இருக்கும். மேஜை மேல் வரைபடத்தை விரித்து, குண்டூசி குத்தி, மாதக்கணக்கில் ஒட்டவேண்டும். என்.சி.சி. ஏர் விங்கில் இருந்த சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள், பால்சா வெட்டி விரலில் பிளேடு பட்ட கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள்.

இதில் எரிச்சல் அதிகம், ஆனால் ஒரு லாபம். எந்த ஒட்டு பலம், எந்த ஒட்டு சந்தேகம் என்பது கட்டினவனுக்குத் தெரியும். அவன் பார்க்காத மூலை அந்த விமானத்தில் கிடையாது.

ரெடிமேட் வந்தபோது மாறிப்போனது இதுதான். ஆசியத் தொழிற்சாலைகளில் கட்டி, மேலே பளபளப்பான ஃபிலிமை அயர்ன் பாக்ஸ் சூட்டில் இழுத்து ஒட்டி, பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். விலை குறைவு, நேரம் மிச்சம். இல்லையென்றால் எங்களைப் போன்ற ஹாஸ்டல் பசங்க இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஃபிலிம் இருக்கிறதே, அது ஃபோக்கர் இறக்கையின் ப்ளைவுட் தோல் மாதிரியே. உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று காட்டாது.

வழக்கமாக எங்கே விடும்? மோட்டாரைத் தாங்கும் முன்பலகை (ஃபயர்வால் என்பார்கள்), இறக்கை நடு இணைப்பு, சக்கரக் கம்பி பிடிக்கும் கட்டை, வால். வாலில் ஒரு தனித் தொல்லை: ஃபிலிமை உரிக்காமல் அதன் மேலேயே பசை தடவி ஒட்டிவிடுவார்கள். பசை பிடிப்பது ஃபிலிமைத்தான், மரத்தை அல்ல. இன்னொன்று, வால் மடிப்பில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால்கூட வேகத்தில் அது கொடி மாதிரி படபடக்கும். சில நொடிகளில் வால் கையோடு வந்துவிடும்.

கடைகளில் ஒரு வித்தை காட்டுவார்கள். இறக்கையின் இரண்டு நுனிகளையும் விரலால் பிடித்து விமானத்தைத் தூக்கி, "பாருங்க, எவ்ளோ ஸ்ட்ராங்" என்பார்கள். எங்களுக்கும் காட்டினார்கள். அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பறக்கும்போது காற்று இறக்கை முழுக்கப் பரவலாகத் தாங்குகிறது. நுனியில் தூக்கினால் நடு இணைப்பில் விழும் வளைவு விசை அதைப்போல இரண்டு மடங்கு. ஆக அந்த வித்தை நிரூபிப்பது, இறக்கை விமானத்தின் எடையைப்போல சுமார் இரண்டு மடங்கு தாங்கும் என்பதை மட்டும். இப்போது விமானம் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் (மணிக்கு 108 கி.மீ.) இறங்கி, 15 மீட்டர் ஆர வளைவில் மேலே திரும்புவதாக வையுங்கள். இறக்கை தாங்கவேண்டியது எடையைப்போல ஏழு மடங்கு. இரண்டு கிலோ விமானத்துக்குப் பதினான்கு கிலோ! பொட்டு வைத்த பசை எப்படித் தாங்கும்?

மோதல் கணக்கும் அப்படித்தான். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் இரண்டு கிலோ, 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, போட்ட இரண்டு கிலோ கல்லுக்குச் சமம். ப்ரொப்பெல்லர் தனி. 1979 டிசம்பரில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஒரு ஃபுட்பால் மேட்ச் இடைவேளையில் மாடல் விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். புல்வெட்டும் மெஷின் வடிவத்தில் செய்த ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்துபோனார். அது ரெடிமேட் அல்ல, ஒட்டு விட்ட கதையும் அல்ல. ஆனால் "பொம்மைதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓட்டும் 25 கிலோ வரையிலான மாடல் விமானத்துக்கு டைப் சர்டிஃபிகேட் தேவையில்லை. எனக்கு இதில் சந்தோஷம்தான். சர்டிஃபிகேட் கேட்டால் எந்தக் காலேஜ் பையன் பறக்கவிடுவான்? ஆனால் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. தொழிற்சாலையில் பசை தடவியவருக்கும், ஏரிக்கரையில் நிற்கும் பசங்களுக்கும் நடுவில் அந்த ஒட்டைப் பார்க்கக் கடமைப்பட்டவர், வாங்கினவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

அந்த மர வேலை அண்ணனோடு உட்கார்ந்து மஞ்சள் பிளேனை மறுபடி கட்டினோம். இறக்கை நடுவில் ஃபிலிமைக் கிழித்து, பழைய பசையைச் சுரண்டி, புது ப்ளைவுட் துண்டு வைத்து அரால்டைட் போட்டு ஒட்டினோம். (ஒரு துணுக்கு: மொஸ்கிட்டோவில் கேசீனுக்குப் பதிலாகப் பிறகு பயன்படுத்திய ஏரோலைட் பசையை உருவாக்கியது ஏரோ ரிசர்ச் லிமிடெட் என்ற கம்பெனி. அரால்டைட் என்ற பெயரே அந்தக் கம்பெனியின் ஏ.ஆர்.எல். எழுத்துகளிலிருந்து வந்ததுதான்!) முன்பலகையையும் பிரித்தோம். அதிலும் பாதிதான் பசை. அதாவது அன்று இறக்கை விடாமல் இருந்திருந்தால், இன்னொரு நாள் மோட்டார் தனியாகப் பறந்திருக்கும்.

பிறகு விமானத்தைக் கவிழ்த்து வைத்து, இறக்கை மேல் பரவலாகக் கேழ்வரகுப் பைகளை அடுக்கினோம். அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். பதினான்கு கிலோ வரை ஏற்றினோம், ஒரு கீச் சத்தம்கூட வரவில்லை. ஐப்பசியில் நாலு கொம்பு, ஒரு கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு, பசங்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்திப் பறக்கவிடலாம் என்று அதே ஏரிக்குப் போனோம்.

ஏரி நிறையத் தண்ணீர் :-(