பென்னிக்கு ஐந்து

சிறுவர் புகைப்பதைத் தீய பழக்கமென்று கண்டிப்பது எளிது. அப்பழக்கம் எந்த மண்ணில் வேரூன்றியதென ஆராய்வோர் சிலரே.

1888 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே உட்பைன் சிகரட் விற்பனைக்கு வந்தது. பென்னிக்கு 5. இயந்திரம் சுருட்டித் தள்ளியமையால் வந்த மலிவு அது. அக்காலத்து லங்காஷயர்ப் பஞ்சாலைகளிலே, 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும், 12 வயதுப் பிள்ளைகள் அரைநாள் தறிகளிடையே உழைத்து, மீதி அரைநாள் பாடசாலை வாங்குகளில் உறங்கி வழிந்தனர். (அம்முறையை ஒழிக்க 1918 இன் கல்விச் சட்டம் வரவேண்டியிருந்தது.) நகரங்களிலோ ஏவல் வேலைச் சிறுவர்கள். வளர்ந்தோருக்குரிய கூலி கேட்கும் வயது வந்ததும் வீதிக்கு விரட்டப்படுவர். களைப்பு, பசி, நாளையைப் பற்றிய அச்சம் ஆகியவை அன்றாடம் அரித்த உள்ளத்துக்குச் சிகரட் கணநேர ஆறுதல். பசியையும் அது மழுக்கும். அவ்வாறுதலும் பெரும்பாலும் முந்திய சிகரட் மூட்டிய தவிப்பின் தணிவே என்பதை இன்று அறிவோம். இளம் மூளை அதற்கு விரைவில் அடிமையாகும் என்பதையும் அறிவோம்.

ஆட்சியாளர் விழித்தது எப்போது? போவர் யுத்தத்துக்கு (1899–1902) ஆள் திரட்டியபோது, தொழிலாளர் பலர் உடற்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்ட பின்னர்தான்! உடல்நலிவை ஆராய்ந்த குழு 1904 இல் சிறுவர் புகைத்தலையும் கவனித்தது. மார்பின் சுற்றளவை அளந்தார்கள். மனத்தை யார் கேட்டார்? 1908 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரட் விற்பதைத் தடுத்தது. தெருவிற் புகைக்கும் சிறுவனிடமிருந்து அதைப் பறிக்கும் கடமை, சீருடையணிந்த பொலிசாருக்கும் பூங்காக் காவலருக்கும் விதிக்கப்பட்டது. அவனுடைய கூலியை அச்சட்டம் தொடவில்லை.

அதிலே ஒரு விலக்கும் உண்டு. புகையிலை வணிகரிடமோ, செய்தி கொண்டுசெல்லும் கம்பனியிடமோ வேலை செய்யும் பையனுக்கு, அவ்வேலையின்போது, இத்தடை பொருந்தாது. பெரியவர்களுக்குச் சிகரட் வாங்கிக்கொண்டு ஓட அவன் தேவைப்பட்டான்.