கரணமும் கல்லூரியும்: தமிழகத்தில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியின் வரலாறு

பல்கலைக்கழக ஜிம்னாஸ்டிக்ஸ் முகாம் என்பது, அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குச் செல்லும் முன், ஒரு பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளிலிருந்து தேர்ந்தெடுத்த மாணவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து அளிக்கும் குறுகிய காலப் பயிற்சியாகும். தமிழில் ஜிம்னாஸ்டிக்ஸைச் சீருடற்பயிற்சி என்று எழுதுவதுண்டு. மைதானத்தில் அச்சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. முகாமுக்கு வரும் இளைஞருக்கு 18 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவருடைய உடல் அதற்கு முன் பத்தாண்டுகள் எங்கே பழகியது என்பதைப் பொறுத்தே முகாமின் பயன் அமைகிறது. உடலை வளைக்கும் கலை தமிழகத்தில் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிறது. உடற்கல்விக் கல்லூரி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் போனதே இங்குள்ள ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸின் வரலாறு.

கோபுர வாயிலில் கரணம்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமப் பகுதியிலிருந்து சுமார் 2 கி.மீ. தொலைவில் அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் உள்ளது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கிச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த 217 அடி உயரக் கோபுரம் இது. இதன் வாயிலின் உட்சுவர்களில் நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்கள் சிற்பங்களாக உள்ளன. தஞ்சைப் பெரிய கோயில், சிதம்பரம், கும்பகோணம் சாரங்கபாணி கோயில், விருத்தாசலம் ஆகிய இடங்களிலும் இவ்வரிசையைக் காணலாம். தஞ்சையில் 108-இல் 81 மட்டுமே செதுக்கி முடிக்கப்பட்டன.

கரணம் என்பது கையும் காலும் உடலும் இணைந்த ஓர் அசைவு அலகு. பெரும்பாலானவை மேடை நடனத்துக்கு உரியவை. ஆனால் விருச்சிகம் என்று பெயர் தொடங்கும் சிலவற்றில் கால் முதுகுக்குப் பின்னால் தேள்கொடுக்கைப் போல் உயர்கிறது. லலாட திலகத்தில் கால் விரல் நெற்றியைத் தொடுகிறது. 108-ஆவதான கங்காவதரணத்தில் கால்கள் மேலே செல்ல, கைகள் நிலத்தை நோக்குகின்றன. இன்றைய தரைப் பயிற்சியில் இதற்கு உறவான நிலைகளைக் காட்டிவிடலாம். அதைக் கொண்டு ஜிம்னாஸ்டிக்ஸே இங்கிருந்துதான் போனது என்று சொல்வது மிகையாகும். சொல் மட்டும் நம்மிடம் தொடர்ந்து வந்திருக்கிறது: குட்டிக்கரணம் என்று சிறுவர்கள் சொல்வதும், கரணம் தப்பினால் மரணம் என்று பெரியவர்கள் சொல்வதும் அதே சொல்தான்.

கயிற்றின் மேல் நடந்தவர்கள்

சிற்பத்துக்கும் முந்தியது இலக்கியச் சான்று. குறுந்தொகையின் 7-ஆம் பாடல், வாகை மரத்தின் உலர்ந்த நெற்றுகள் காற்றில் ஒலிப்பதற்கு, கயிற்றில் ஆடும் ஆரியரின் பறையொலியை உவமை சொல்கிறது. நற்றிணையின் 95-ஆம் பாடலில் ஆடுமகள் நடந்துவிட்டுப் போன முறுக்குக் கயிற்றில் குரங்குக் குட்டி ஒன்று ஏறி ஆடுகிறது. மலைச் சிறுவர்கள் பாறையில் நின்று தாளம் கொட்டுகிறார்கள். ஊர்விட்டு ஊர் சென்று கம்பம் நட்டுக் கயிறு கட்டி ஆடும் வழக்கம் சங்க காலத்திலேயே அனைவரும் அறிந்த காட்சியாக இருந்தது என்பதற்கு இவை போதும்.

பிற்காலத்தில் இவர்கள் கழைக்கூத்தாடிகள் எனப்பட்டனர். கழை என்றால் மூங்கில். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் தொம்மரர் என்ற சமூகத்தின் வித்தைகளை விவரிக்கிறார். குழந்தை நடக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பயிற்சி தொடங்கிவிடும், ஆசிரியர் பெற்றோரே. இன்றைய பயிற்சியாளர் ஒருவர் கேட்கும் நெகிழ்வு, சமநிலை, அச்சமின்மை மூன்றும் அங்கே வீட்டிலேயே கிடைத்தன.

அரசு இவர்களை வேறு கண்ணால் பார்த்தது. நாடோடிச் சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்யும் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்தியா முழுவதற்கும் அது 1952-இல் நீங்கியது. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் தொம்மரர் பெயர் இன்றும் இருக்கிறது. அவர்களுக்குரியதாக அப்பட்டியல் குறிப்பிடும் மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. மாகாணத்தில் உடற்கல்வி கற்பிக்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில், உடல்வித்தையைப் பரம்பரையாக அறிந்தவர்கள் காவல் நிலையப் பதிவேட்டின் நிழலில் வாழ்ந்தார்கள். கல்லூரிக் கதவு அவர்களுக்குத் திறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பள்ளிக்கு வந்த கம்பிகள்

கல்லூரிக்கு வந்த ஜிம்னாஸ்டிக்ஸ் முற்றிலும் வேறு வழியாக வந்தது. பிரீட்ரிக் லுட்விக் யான் 1811-இல் பெர்லின் புறநகரில் திறந்த பயிற்சித் திடலிலிருந்து பேரலல் பாரும் ஹை பாரும் பரவின. சுவீடனின் லிங் கருவியில்லாப் பயிற்சிகளை வகுத்தார். இங்கிலாந்தில் ஆர்ச்சிபால்ட் மெக்லாரன் 1858-இல் ஆக்ஸ்போர்டில் ஜிம்னேசியம் அமைத்து, படைவீரர்களுக்கான முறையை உருவாக்கினார். படை முகாம்களின் வழியாகவும் மிஷன் பள்ளிகளின் வழியாகவும் இவை இந்தியாவுக்கு வந்தன. கற்பித்தவர்களில் பலர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். டிரில் மாஸ்டர் என்ற பெயர் நம் பள்ளிகளில் நெடுங்காலம் நின்றதற்கு இதுவே காரணம்.

மாணவர்களின் மனம் டிரில்லில் இருக்கவில்லை. பின்னாளில் ரமண மகரிஷி ஆன வேங்கடராமன் 1890-களில் மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தபோது கால்பந்தும் குஸ்தியும் நீச்சலும் அவருக்குப் பிடித்தவை என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவருடைய தலைமுறைச் சிறுவர்கள் உடல் வலிமையைத் தேடியது வகுப்புக்கு வெளியேதான்.

ஒரே ஓர் இடத்தில் பள்ளியின் கம்பியும் தெருவின் வித்தையும் சேர்ந்தன. அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த தலச்சேரியில், பாசல் மிஷன் பள்ளியின் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியராக இருந்தவர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். மராட்டியத்திலிருந்து வந்த விஷ்ணுபந்த் சத்ரேயின் சர்க்கஸைக் கண்ட பிறகு அவர் சர்க்கஸ் கலைஞர்களை உருவாக்கத் தொடங்கி, 1901-இல் சிறக்கரையில் பயிற்சிப் பள்ளி அமைத்தார். இந்திய சர்க்கஸில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய மலபார் கலைஞர்கள் அந்த மரபில் வந்தவர்கள். ஆனால் அவர்கள் போனது கூடாரத்துக்கு. போட்டி அரங்கு அப்போது இல்லை.

பக் தொடங்கிய கல்லூரி

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹாரி குரோ பக் (1884-1943) 1919-இல் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இதுவே பின்னர் நந்தனத்தில் அடையாற்றங்கரை வளாகத்துக்குச் சென்று, ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி எனப் பொதுவாக அறியப்படுகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பக் மேலாளராக இருந்தார்.

பக்கின் பெரும்பணி விளையாட்டுகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். இந்திய விளையாட்டுகளுக்கும் அதில் இடம் தந்தார். அவருடைய நோக்கம் பள்ளிகளுக்கு ஆசிரியரைத் தருவதே. பதக்க வீரரை உருவாக்குவது அன்று. எனவே ஜிம்னாஸ்டிக்ஸ் ஒரு பாடமாயிற்று. பட்டயம் பெற வரும் மாணவர் முன்னுருளல், பின்னுருளல், தலைகீழ் நிற்றல், பேரலல் பாரில் சில அசைவுகள், மனிதப் பிரமிடு ஆகியவற்றைக் கற்றுத் தேர்வில் செய்து காட்டுவார். பின்பு பி.டி. மாஸ்டராகித் தன் பள்ளி ஆண்டு விழாவில் பிரமிடு கட்டுவார். தமிழகத்தில் பெரும்பாலோர் ஜிம்னாஸ்டிக்ஸை முதலில் பார்த்தது அந்தப் பிரமிடில்தான். காரைக்குடி அழகப்பா, பெரியநாயக்கன்பாளையம் மாருதி உள்ளிட்ட பிற்கால உடற்கல்விக் கல்லூரிகளும் ஆசிரியப் பயிற்சியையே முதன்மையாகக் கொண்டன. கரணம் போடும் கடவுளின் பெயரைத் தாங்கிய கல்லூரி ஒன்றாவது இருப்பது மகிழ்ச்சிதான்.

2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் வளாகம் வண்டலூர் அருகே மேலக்கோட்டையூரில் உள்ளது.

முகாம் என்னும் முறை

கோடை விடுமுறையில் இளைஞரைத் திரட்டிப் பயிற்சி தரும் வழக்கத்துக்கு இந்தியாவில் முன்னோடிகளில் ஒன்று அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல். 1914-இல் வைத்திய சகோதரர்கள் தொடங்கிய இவ்வமைப்பு 1920-களில் கோடைப் பயிற்சிகளை நடத்தியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அதன் அணி அங்கே மல்லர் கம்பம் உள்ளிட்ட இந்திய விளையாட்டுகளைச் செய்து காட்டியது. விடுதலைக்குப் பின் 1953-இல் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பயிற்சித் திட்டம் வந்தது. அதன் முகாம்களில் தியான் சந்த் போன்றவர்கள் பயிற்சியளித்தனர். 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கியபின், அங்கே பட்டயம் பெற்ற பயிற்சியாளர்கள் பல்கலைக்கழகங்களுக்கு வந்தார்கள். 1925-இல் உருவான பல்கலைக்கழகங்களிடை வாரியமே 1973-இல் இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் ஆயிற்று. போட்டிகளை நடத்துவது அதுவே. ஒட்டுமொத்தச் சிறப்புக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை உண்டு. கோப்பைக்கான புள்ளியில் எல்லா விளையாட்டும் சேரும். ஆகவே ஜிம்னாஸ்டிக்ஸ் அணி அனுப்ப ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

ஆண்களுக்குக் கருவிகள் ஆறு: தரை, பாமல் ஹார்ஸ், ரிங்ஸ், வால்ட், பேரலல் பார், ஹை பார். தரை 12 மீட்டர் சதுரம். பாமல் ஹார்ஸ் தரையிலிருந்து 1.15 மீட்டர், வால்ட் மேசை 1.35 மீட்டர், பேரலல் பார் 2 மீட்டர், ரிங்ஸும் ஹை பாரும் 2.80 மீட்டர் உயரம். முகாமின் காலை நீட்சிப் பயிற்சியுடன் தொடங்கும். கையில் மக்னீசியம் கார்பனேட் தூள் பூசிக் கம்பியைப் பிடிப்பார்கள். சில நாளிலேயே உள்ளங்கைத் தோல் உரியும். புதிய அசைவைச் செய்யும்போது பயிற்சியாளர் இடுப்பிலும் தோளிலும் கைகொடுத்துத் தாங்குவார். பத்துப் பதினைந்து நாட்களில் புதிய சுழற்சியைக் கற்றுவிட முடியாது. தெரிந்தவற்றை வரிசைப்படுத்தலாம், இறங்குநிலையைச் சீராக்கலாம், தவறுகளைக் குறைக்கலாம். 2006-இல் 10 என்ற உச்ச மதிப்பெண் நீக்கப்பட்டு, கடினத்துக்கும் செய்நேர்த்திக்கும் தனித்தனியாக மதிப்பெண் தரும் முறை வந்தபின் இதுவும் சிக்கலாகிவிட்டது. எளிய வரிசையைப் பிழையின்றிச் செய்பவரும் மேலே வர முடியாது. கருவியிலிருந்து விழுந்தால் ஒரு மதிப்பெண் குறையும். பழமொழி சொல்லும் தண்டனையோடு ஒப்பிட்டால் இது இரக்கமானது. ஆனால் ஹை பாரிலிருந்து தலைகீழாக விழுபவருக்குப் பழமொழிதான் இன்னும் பொருந்தும். மெல்லிய மெத்தையில் யாரும் துணிந்து கற்கமாட்டார்கள். நுரைக்குழியும் சுருள்வில் தரையும் உள்ள கூடம் இல்லாத முகாமில் கடின அசைவுகள் பேச்சளவில் நின்றுவிடும்.

வயதுக் கணக்கு

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் நெடுங்காலமாகப் பதின்வயதினர் மேலோங்கியதைப் பார்த்து, பல்கலைக்கழக வயது முற்றிவிட்ட வயது என்று சொல்வோர் உண்டு. ஆண்களுக்கு அது பொருந்தாது. ரிங்ஸில் கைகளை விரித்து உடலைச் சிலுவை போல் நிறுத்தும் வலிமை 20 வயதை ஒட்டியே முழுமை பெறுகிறது. 1960 முதல் 1976 வரை ஐந்து ஒலிம்பிக்குகளிலும் ஆண்கள் அணித் தங்கத்தை வென்ற ஜப்பானின் முதுகெலும்பு பல்கலைக்கழகங்கள்தான். பின்னர் வந்த கோஹெய் உச்சிமுராவும் நிப்பான் விளையாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2024 பாரிஸில் வெண்கலம் வென்ற அமெரிக்க ஆண்கள் அணியின் ஐவரும் பல்கலைக்கழக அணிகளில் ஆடியவர்கள். ஆனால் அங்கே பல்கலைக்கழகம் ஆண்டு முழுவதும் பயிற்சி தருகிறது. சிறுவயதுக் கழகங்களில் தேறியவர்களே அங்கே சேர்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இதே கணக்குதான். 1952 ஹெல்சிங்கியிலேயே இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் ஒலிம்பிக்கில் பங்கேற்றனர். முதல் காமன்வெல்த் பதக்கத்துக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலகாபாத்தின் ஆஷிஷ் குமார் அவ்வாண்டு டெல்லியில் தரைப் பயிற்சியில் வெண்கலமும் வால்ட்டில் வெள்ளியும் வென்றபோது அவருக்கு ஏறத்தாழ 20 வயது. அதாவது கல்லூரி மாணவரின் வயது. சிறுவயதிலிருந்தே பழகிய உடல். அகர்தலாவின் தீபா கர்மாகர் பழைய ஸ்கூட்டர் உதிரிகளால் செய்த கருவியில் பழகத் தொடங்கி, 2016 ரியோவில் வால்ட்டில் 15.066 புள்ளியுடன் நான்காமிடம் பெற்றார். இரண்டு இடங்களிலும் சிறுவரைக் கைப்பிடித்து வளர்த்த ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது.

தமிழகத்தில் சிறுவயதுப் பயிற்சி கிடைத்த பழைய வழிகள் அடைபட்டன. 2011-இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை ஈடுபடுத்தத் தடை விதித்தது. தடை நியாயமானது, அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போனால், அங்கே அவர்களுக்கான பயிற்சிக்கூடம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

விழுப்புரத்துக் கம்பம்

திருவண்ணாமலைக்குக் கிழக்கே விழுப்புரத்தில் அண்மைப் பத்தாண்டுகளில் மல்லர் கம்பம் வேரூன்றியிருக்கிறது. இதைப் பல்லவர் காலத்தோடு இணைத்துச் சொல்வது தமிழகத்தில் வழக்கம். எழுத்துச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது 12-ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசம். இன்றைய வடிவம் இரண்டாம் பாஜிராவ் காலத்துப் பாலம்பட்ட தேவதருடன் தொடர்புடையது. தோற்றம் எதுவாயினும் பயிற்சிக்குத் தேவை ஆளுயரத்தைவிட உயர்ந்த வழவழப்பான மரக் கம்பம், பூசுவதற்கு விளக்கெண்ணெய், தெரிந்த ஓர் ஆசிரியர். ஆறு கருவிகளும் நுரைக்குழியும் வாங்க முடியாத பள்ளியும் இதைத் தொடங்கிவிடலாம். ஆறேழு வயதுச் சிறுவர்கள் இதில் ஏறி, தலைகீழாகத் தொங்கி, உடலை வளைக்கப் பழகுகிறார்கள். 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் ஜிம்னாஸ்டிக்ஸும் மல்லர் கம்பமும் தனித்தனிப் போட்டிகளாக இடம்பெற்றன. சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்தது. அந்த வயதுச் சிறுவர்கள்தான் இன்னும் சில ஆண்டுகளில் பல்கலைக்கழக முகாம்களுக்கு வரவேண்டியவர்கள்.