லைப்னிட்ஸ் – கிளார்க் கடித விவாதம்

லைப்னிட்ஸ் – கிளார்க் கடித விவாதம் என்பது, வெளியும் காலமும் தம்மளவில் உண்மையானவையா, பொருள்களுக்கிடையிலான உறவுகள் மட்டுமா என்பது பற்றி 1715–1716 ஆம் ஆண்டுகளில் நடந்ததாகும். ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்சும், நியூட்டன் தரப்பில் வாதிட்ட ஆங்கிலேய இறையியலாளர் சாமுவேல் கிளார்க்கும் ஆளுக்கு ஐந்து மடல்கள் எழுதினர். அவை வேல்ஸ் இளவரசி கரோலைன் வழியாகக் கைமாறின.

நியூட்டன் தமது பிரின்சிப்பியா (1687) நூலில், வெளி எதையும் சாராது அசையாதிருக்கிறது என்றார். முறுக்கிய கயிற்றில் தொங்கும் வாளி சுழலத் தொடங்கும்போது நீர்மட்டம் தட்டையாகவே இருக்கும். நீரும் வாளியோடு சேர்ந்து சுழலும்போதுதான் நடுவில் குழிகிறது. அப்போது வாளியைப் பொறுத்து நீருக்கு அசைவில்லை. எனவே அச்சுழற்சி தனி வெளியைப் பொறுத்தது என்பது அவர் வாதம்.

லைப்னிட்ஸ் இதை மறுத்தார். வெளி என்பது ஒருங்கே உள்ள பொருள்களின் ஒழுங்கு. காலம் என்பது அடுத்தடுத்த நிகழ்வுகளின் ஒழுங்கு. உலகின் கிழக்கையும் மேற்கையும் முழுமையாக மாற்றி வைத்தாலும் வேறுபாடு தெரியாது. ஆகவே அவ்விரு நிலைகளும் ஒன்றே என்றார். உலகம் முழுவதும் நகர்ந்து திடீரென நின்றால் அதிர்வு உணரப்படுமே என்று கிளார்க் வினவினார். 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் இறந்ததால் விவாதம் முடிவின்றி நின்றது.

1883 இல் எர்ன்ஸ்ட் மாக், நீரின் சுழற்சியைத் தொலைவிலுள்ள விண்மீன்களைப் பொறுத்தே கொள்ள வேண்டும் என்றார். ஐன்ஸ்டைன் 1905 இல் தனிக் காலத்தைக் கைவிட்டார். 1915 இல் பொருண்மை வெளிநேரத்தை வளைக்கிறது எனக் காட்டினார். ஆனால் அவரது கோட்பாட்டில் பொருளற்ற வெற்றிடத்திலும் வெளிநேரம் வளையலாம். அவ்வாறு பரவும் ஈர்ப்பலைகள் 2015 இல் நேரடியாகக் கண்டறியப்பட்டன. நியூட்டனின் அசையாத வெளி மறைந்தது. லைப்னிட்சின் வெறும் உறவும் முழுமையாக வெல்லவில்லை.