சாக்கடையை மீனாக்கும் குளங்கள்

கொல்கத்தாவின் கழிவுநீரில் பெரும்பகுதி நகருக்குக் கிழக்கே ஓடுது. அங்கே ‘பேரி’ன்னு சொல்ற ஆழமில்லாத மீன் குளங்கள் இருக்கு. வித்யாதரி ஆறு தூர்ந்துபோன பிறகு, 1930 வாக்கில் கழிவுநீரை விட்டே மீன் வளர்க்க ஆரம்பிச்சாங்க. வெயிலும் பாசியும் பாக்டீரியாவும் அழுக்கைச் சிதைக்கும். அதில் பெருகும் நுண்ணுயிர்களைத் தின்று ரோகுவும் கட்லாவும் வளரும். இதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பொறியாளர் துருவஜோதி கோஷ். 2002-ல் இந்த 12,500 ஹெக்டேர் ஈரநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

மென்பொருள்காரனான எனக்கு ஒண்ணு உறுத்துது. இந்த ஏற்பாடு எதிர்பார்த்த உள்ளீடு வீட்டுச் சாக்கடை மட்டும்தான். டாங்ரா, தில்ஜலா பக்கத் தோல் தொழிற்சாலைகளின் குரோமியமும் அதே கால்வாயில் கலந்துச்சு. பட்டறைகளிலிருந்து ஈயம், கேட்மியமும் வந்துச்சு. உலோகத்தை எந்தப் பாக்டீரியாவாலும் சிதைக்க முடியாது. அது சேற்றில் படியும். அடிச்சேற்றில் இரை தேடும் மிர்காலுக்கு ஆபத்து கூடுதல்.

கேட்மியம், மீனின் செவுளில் கால்சியம் நுழையும் அதே வாசல் வழியா உள்ளே போகுது. செவுள் பழுதாகும், கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உலோகம் சேரும், வளர்ச்சி குறையும், நோய் எதிர்ப்பு தளரும். மீன் செத்து மிதந்தா எல்லாருக்கும் தெரியும். இளைச்ச மீனைப் பார்த்து, காரணம் உலோகம்னு யார் சொல்வாங்க?

1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளை இடம் மாற்றச் சொன்னது. அவற்றுக்கு ஒதுக்கின பாந்தலாவும் இதே ஈரநிலத்தின் விளிம்பில்தான் இருக்கு. இடத்தை மாத்தினா மட்டும் போதாது; உலோகத்தைத் தொழிற்சாலை வாசலிலேயே பிரிச்சாகணும். அந்த வேலையைக் குளம் செய்யாது.